கேமரா பார்த்த பிறகும் ஏன் சர்ச்சை? கால்பந்தில் பெனால்டியும் காணொளி நடுவரும்: ஓர் எளிய விளக்கம்

2021 ஜூலை 7 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி நடந்தது. இங்கிலாந்தும் டென்மார்க்கும் 1-1 என்ற நிலையில் கூடுதல் நேரத்துக்குள் நுழைந்திருந்தன. வலப்பக்கமாகப் பந்தை உருட்டிக்கொண்டு டென்மார்க்கின் பெனால்டி பகுதிக்குள் புகுந்த ரஹீம் ஸ்டெர்லிங், எதிரணி வீரர் ஒருவர் நெருங்கி வந்த கணத்தில் கீழே விழுந்தார். நெதர்லாந்தைச் சேர்ந்த நடுவர் டேனி மக்கேலி பெனால்டி என்று கை காட்டினார். காணொளி நடுவர் அதைச் சரிபார்த்தார், தீர்ப்பு மாறவில்லை. ஹாரி கேன் உதைத்த பந்தை கோல்கீப்பர் காஸ்பர் ஷ்மைக்கேல் தடுத்தார். ஆனால் திரும்பி வந்த பந்தைக் கேனே வலைக்குள் அடித்துவிட்டார். இங்கிலாந்து இறுதிப் போட்டிக்குப் போனது.

அன்றிரவு உலகம் முழுவதும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "மறுஒளிபரப்பில் பார்த்தால் லேசான உரசல்தானே தெரிகிறது? இதைக்கூட மாற்ற முடியாவிட்டால் கேமரா எதற்கு?" கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு தவறான அனுமானம் ஒளிந்திருக்கிறது. அறைக்குள் அமர்ந்திருக்கும் காணொளி நடுவரிடம் "இது பெனால்டியா?" என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் கேட்கப்படுவது வேறு கேள்வி. இதைப் புரிந்துகொண்டால் எல்லாச் சர்ச்சைகளும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எதைப் பற்றிச் சண்டையிடுகிறோம் என்பதாவது தெளிவாகும்.

ஒரு தீர்ப்புக்கு ஏன் இவ்வளவு கனம்?

கோலைச் சுற்றி வரையப்பட்டிருக்கும் பெரிய செவ்வகம் பெனால்டி பகுதி. கோல் கோட்டிலிருந்து அது 16.5 மீட்டர் நீளும். அதற்குள் தற்காப்பு அணி செய்யும் ஃபவுலுக்கு, அதாவது எதிராளியைத் தள்ளுவது, இடறிவிடுவது, பந்தைக் கையால் தடுப்பது போன்ற விதிமீறலுக்கு, பெனால்டி வழங்கப்படும். 11 மீட்டர் தொலைவிலிருந்து கோல்கீப்பரை மட்டும் எதிர்கொண்டு உதைக்கும் வாய்ப்பு அது. தோராயமாக நான்கில் மூன்று பெனால்டிகள் கோலாகின்றன. அதே ஃபவுல் கோட்டுக்கு ஓரடி வெளியே நடந்திருந்தால் சாதாரண ஃப்ரீ கிக்தான். 1-0, 2-1 என்று முடியும் ஆட்டத்தில் ஒரு நடுவரின் ஒரு விசில் ஏறக்குறைய ஒரு கோலுக்குச் சமம். சந்தேகங்கள் பெனால்டியைச் சுற்றியே வட்டமிடுவதற்கு இதுவே காரணம்.

மறுகூட்டலும் மறுமதிப்பீடும்

பொதுத் தேர்வு முடிவு வந்ததும் மதிப்பெண்ணில் ஐயம் கொள்ளும் மாணவருக்கு இரண்டு வழிகள் இருப்பதை நாம் அறிவோம். ஒன்று மறுகூட்டல்: ஒவ்வொரு விடைக்கும் அளித்த மதிப்பெண்களைச் சரியாகக் கூட்டியிருக்கிறார்களா, ஏதேனும் பக்கம் விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இங்கே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை; கூட்டல் சரி, அல்லது தவறு. மற்றொன்று மறுமதிப்பீடு: வேறொரு ஆசிரியர் விடையைப் புதிதாகப் படித்துத் தன் கணிப்பின்படி மதிப்பெண் இடுவது. ஒரே கட்டுரைக்கு ஓர் ஆசிரியர் ஆறும் இன்னொருவர் எட்டும் கொடுக்கலாம். இருவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம்.

காணொளிச் சோதனையிலும் இவ்விரு வகை வேலைகளும் உண்டு. ஃபவுல் நடந்தது கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா, அதற்கு முன்பே பந்து ஆடுகளத்தை விட்டு வெளியேறிவிட்டதா, தாக்கிய வீரர் ஆஃப்சைடு நிலையில், அதாவது எதிரணித் தற்காப்பை முன்கூட்டியே தாண்டி நின்ற நிலையில், இருந்தாரா என்பவை மறுகூட்டல் போன்றவை. கேமரா காட்டும் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "அந்த உரசல் ஒருவரை விழவைக்கப் போதுமானதா?", "அந்தக் கை அங்கே இருந்தது இயல்பானதா?" என்பவை மதிப்பீட்டுக் கேள்விகள்.

பெரும்பாலான ரசிகர்கள் இங்கேதான் தடம் மாறுகிறார்கள். மதிப்பீட்டுக் கேள்வி வரும்போது காணொளி நடுவர் மறுமதிப்பீடு செய்யும் இரண்டாவது ஆசிரியர் ஆகிவிடுகிறார் என்று நினைக்கிறார்கள். அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. "ஐயா, நீங்கள் திருத்திய தாளில் ஒரு முழுப் பக்கத்தைப் படிக்காமல் விட்டிருக்கிறீர்கள், ஒருமுறை பாருங்கள்" என்று முதல் ஆசிரியரிடமே தாளை நீட்டும் உதவியாளர்தான் அவர். முதல் ஆசிரியர் ஆறு கொடுத்திருக்கும்போது "நானாக இருந்தால் எட்டு கொடுத்திருப்பேன்" என்று தோன்றினால் அவர் வாய் திறக்கக் கூடாது.

அறைக்குள் நடப்பது

காணொளி உதவி நடுவர் என்பதுதான் முழுப் பெயர், பேச்சில் வி.ஏ.ஆர். என்கிறோம். கால்பந்தின் விதிகளை வகுக்கும் சர்வதேசக் கால்பந்துச் சங்க வாரியம் 2018 மார்ச்சில் இம்முறைக்கு நிரந்தர ஒப்புதல் அளித்தது. சில நாடுகளின் லீக் ஆட்டங்களில் ஏற்கெனவே இருந்த அது, உலகக் கோப்பையில் முதன்முதலாகப் பயன்பட்டது அவ்வாண்டு ரஷ்யாவில்தான். கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டுதல் ஆகிய நான்கு வகை நிகழ்வுகளே அப்போது அதன் எல்லையாக வகுக்கப்பட்டன. "குறைந்த குறுக்கீடு, நிறைந்த பயன்" என்பது அதை வடிவமைத்தவர்கள் முன்வைத்த கொள்கை.

கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். முறையோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே புலப்படும். அங்கே அணித்தலைவரோ மட்டையாளரோ கேட்டால்தான் மறுஆய்வு. இங்கே யாரும் கேட்க வேண்டியதில்லை. இன்னும் சொல்லப்போனால், தொலைக்காட்சிச் செவ்வகத்தைக் கையால் வரைந்து காட்டி நடுவரை நச்சரிக்கும் வீரர் மஞ்சள் அட்டை வாங்க நேரிடும். பெனால்டி பகுதிக்குள் நடக்கும் ஒவ்வொரு மோதலையும் காணொளி நடுவர் தாமாகவே, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல கோணங்களில் பார்த்துவிடுகிறார். இதைச் சோதனை என்கிறார்கள். சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை பார்வையாளருக்குத் தெரியாமலேயே முடிந்துவிடும்.

சோதனையில் பெரும் பிழை தென்பட்டால் மட்டுமே அடுத்த கட்டமான மறுஆய்வு தொடங்கும். மறுகூட்டல் வகைக் கேள்வி என்றால் காதுக்கருவி வழியாக விடை சொல்லப்படும். நடுவர் அதை ஏற்றுக்கொள்வார். மதிப்பீட்டு வகை என்றால் ஆடுகள ஓரத்தில் வைக்கப்பட்டிருக்கும் திரைக்கு நடுவரே சென்று பார்ப்பார். இறுதி முடிவு எப்போதும் களத்தில் இருக்கும் நடுவருடையது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கிவிட்டால், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, பழைய நிகழ்வுக்குத் திரும்பிப் போக முடியாது. மீண்டும் தொடங்காத வரையில் போகலாம். 2018 ஏப்ரல் 16 அன்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மைன்ஸும் ஃப்ரைபுர்க்கும் மோதிய ஆட்டத்தில் நடந்தது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முதல் பாதி முடிந்து வீரர்கள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டார்கள். அதற்குச் சற்று முன் ஃப்ரைபுர்க் வீரர் ஒருவர் பந்தைக் கையால் தொட்டதைக் காணொளி நடுவர் சுட்டிக்காட்டினார். நடுவர் திரையைப் பார்த்தார். அறையிலிருந்து ஃப்ரைபுர்க் வீரர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள். மைன்ஸின் பாப்லோ டி பிளாசிஸ் பெனால்டியை கோலாக்கினார். கேலிக்கூத்து என்று பலர் ஏசினார்கள். ஆனால் இரண்டாம் பாதி தொடங்கியிருக்கவில்லை என்பதால் விதி மீறப்படவில்லை. 2020 செப்டம்பரில் பிரைட்டனுக்கு எதிராக, முடிவு விசில் ஊதிய பிறகு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குக் கிடைத்த பெனால்டியும் இதே வகைதான்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். கேமரா இரு வகைக் கேள்விகளைச் சந்திக்கிறது: உண்மை பற்றியவை, மதிப்பீடு பற்றியவை. முதல் வகையில் அது விடையே சொல்லும். இரண்டாம் வகையில் நடுவரிடம் ஒரு சாட்சியத்தை நீட்டும், அதுவும் பெரும் பிழை தெரிந்தால் மட்டுமே.

"தெளிவான, வெளிப்படையான பிழை"

விதிநூலின் சொற்களில், குறுக்கிடுவதற்குத் தேவையானது "தெளிவான, வெளிப்படையான பிழை", அல்லது நடுவரின் கண்ணுக்கே படாமல் போன கடுமையான நிகழ்வு. கேள்வி "நடுவர் சொன்னது சரியா?" என்பதன்று, "நடுவர் சொன்னது ஐயத்துக்கு இடமில்லாமல் தவறா?" என்பதே. இவ்விரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு மங்கல் வெளி இருக்கிறது. அந்த வெளிக்குள் விழும் நிகழ்வில் நடுவர் எதைச் சொன்னாரோ அதுவே நிற்கும்.

இப்போது வெம்பிளிக்குத் திரும்புவோம். ஸ்டெர்லிங் மீது தொடுதல் இருந்தது, அது லேசானது. தொடுதலே இல்லாமல் அவர் விழுந்திருந்தால் பிழை வெளிப்படை. தொடுதல் இருந்தது என்பதால் "இது போதுமானதன்று" எனச் சொல்வது ஒரு கருத்தாகிவிடுகிறது. எனவே மாற்றவில்லை. என் கணிப்பில் அது பெனால்டி அன்று. ஆனாலும் காணொளி நடுவர் தமக்கு இடப்பட்ட வேலையை விதிப்படியே செய்தார் என்று நினைக்கிறேன். மக்கேலி அன்று விசில் ஊதாமல் விட்டிருந்தால் அந்தத் தீர்ப்பும் பெரும்பாலும் அப்படியே நின்றிருக்கும். ஒரே நிகழ்வுக்கு எதிரெதிரான இரண்டு தீர்ப்புகளும் நிலைக்கக்கூடும் என்பதுதான் இம்முறையில் பலருக்குச் செரிக்காத பகுதி.

ஒப்பிட்டுப் பார்க்க 2018 உலகக் கோப்பையில் பிரேசிலும் கோஸ்டா ரிகாவும் மோதிய ஆட்டம் உதவும். எதிராளியின் கை பட்டதும் நெய்மார் பின்பக்கமாகச் சாய்ந்தார். நடுவர் பியோர்ன் கைப்பர்ஸ் பெனால்டி கொடுத்தார். திரையில் பார்த்தபோது, அந்தத் தொடுதலுக்கும் அந்த வீழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. தீர்ப்பை அவரே திரும்பப் பெற்றார். இந்த முறை எப்படி இயங்க வேண்டும் என்று அதை வகுத்தவர்கள் விரும்பினார்களோ, அதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சிக்கல் எங்கே என்றால், அந்த மங்கல் வெளியின் எல்லைக்கோட்டை யாரும் அளந்து வரைந்து தரவில்லை. 2022 நவம்பர் 30 அன்று கத்தாரில் அர்ஜென்டினாவும் போலந்தும் ஆடியபோது, தலையால் முட்டிய மெஸ்ஸியின் முகத்தில் கோல்கீப்பர் ஷ்செஸ்னியின் கையுறை உரசியது. நடுவர் அதே மக்கேலிதான். அவர் முதலில் பெனால்டி தரவில்லை. இம்முறை காணொளி நடுவர் அவரைத் திரைக்கு அழைத்தார். பார்த்த பிறகு அவர் பெனால்டி கொடுத்தார். உதையை ஷ்செஸ்னியே தடுத்ததால் விவகாரம் பெரிதாகவில்லை. வெம்பிளியில் லேசான தொடுதல் குறுக்கீட்டுக்குப் போதவில்லை, இங்கே போதுமானதாகிவிட்டது. ரசிகர்களின் கோபத்தில் முழு நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான்.

கிரிக்கெட்டில் "அம்பயர்ஸ் கால்" என்பதற்குக் கணக்கு உண்டு: பந்தின் எவ்வளவு பகுதி ஸ்டம்பில் படும் என்று கணினி காட்டும் அளவை வைத்துத்தான் அது முடிவாகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் 2024-25 பருவத்திலிருந்து இதையொத்த "ரெஃப்ரீஸ் கால்" என்ற சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கியது. சொல் ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் ஒன்றன்று. தள்ளுதலின் வலிமையை அளக்கும் அளவுகோல் கால்பந்தில் இல்லை.

திரைக்குப் போன நடுவர் பெரும்பாலும் தம் தீர்ப்பை மாற்றிவிட்டே திரும்புகிறார் என்பதையும் பலர் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அதற்கான காரணம் முறையிலேயே இருக்கிறது. பிழை வெளிப்படையானது என்று அறையில் இருப்பவர் நம்பினால்தான் அழைப்பே வரும். சந்தேகமானவை முன்பே வடிகட்டப்பட்டுவிடுகின்றன. எனினும், பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "நீங்கள் தவறு செய்திருக்கிறீர்கள்" என்ற குறிப்போடு அழைக்கப்படும் மனிதர் தம் முதல் முடிவில் உறுதியாக நிற்பதற்கு அசாத்தியமான நெஞ்சுரம் வேண்டும். அதை விதிநூல் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கையில் பட்ட பந்து

மேலே சொன்ன குழப்பம் உச்சத்தை அடையும் இடம் ஹேண்ட்பால். பந்து கையில் பட்டாலே குற்றம் என்பது நம் தெருக்களில் விளையாடும்போது நாம் வைத்துக்கொள்ளும் விதி. உண்மை விதி அப்படி இல்லை. வேண்டுமென்றே கையால் தொட்டால் குற்றம். வேண்டுமென்றே இல்லாவிட்டாலும், கையை விரித்து வைத்ததால் உடலின் பரப்பு இயல்புக்கு மாறாகப் பெரிதாகியிருந்தால் அதுவும் குற்றம். அந்த நேரத்தில் அவருடைய உடலசைவுக்குக் கை அங்கே இருப்பது இயல்புதான் என்றால் குற்றமன்று. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே உள்ள தோள் கையாகக் கருதப்படாது.

"இயல்பு" என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான் கோப்பைகள் கைமாறியிருக்கின்றன. 2018 ஜூலை 15 அன்று மாஸ்கோவில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் பிரான்ஸும் குரோஷியாவும் 1-1 என்றிருந்தன. பிரான்ஸ் அடித்த கார்னர் பந்து, முன்னால் குதித்த வீரரின் தலையில் படாமல் தாண்டிவந்து, குரோஷியாவின் இவான் பெரிசிச்சின் கையில் பட்டது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த நடுவர் நெஸ்டர் பிட்டானா முதலில் எதுவும் தரவில்லை. திரையைப் பார்த்தார், விலகினார், மறுபடியும் திரும்பி வந்து பார்த்தார், பிறகு பெனால்டி கொடுத்தார். கிரீஸ்மன் கோலடித்தார், பிரான்ஸ் 4-2 என வென்றது. பிழை வெளிப்படையானது என்றால் நடுவர் ஏன் இரண்டாம் முறை திரும்பி வர வேண்டும் என்ற கேள்வியைக் குரோஷிய ரசிகர்கள் இன்றும் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமையும் உண்டு.

2024 ஐரோப்பியக் கோப்பை இதை ஆறு நாள் இடைவெளியில் இருமுறை காட்டியது. ஜூன் 29 அன்று டார்ட்மண்டில் ஜெர்மனியின் டேவிட் ராம் அடித்த பந்து, மிக அருகில் நின்ற டென்மார்க்கின் யோவாகிம் ஆண்டர்சனின் கையை உரசிச் சென்றது. பந்துக்குள் பொருத்தப்பட்டிருந்த உணரி, தொடுதல் நிகழ்ந்த நொடியை இதயத்துடிப்புக் கோடு போலத் திரையில் காட்டியது. பெனால்டி கொடுக்கப்பட்டு, காய் ஹாவர்ட்ஸ் கோலடித்தார். கைகளை இப்படி ஒடுக்கிக்கொண்டு ஒரு தற்காப்பு வீரர் எப்படி ஓட முடியும் என்று டென்மார்க்கின் பயிற்சியாளர் காஸ்பர் யூல்மண்ட் மனம் வெதும்பிப் பேசினார். ஜூலை 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் நடந்த காலிறுதியின் கூடுதல் நேரத்தில், அதே ஜெர்மனியின் ஜமால் முசியாலா கோலை நோக்கி அடித்த பந்து ஸ்பெயினின் மார்க் குக்குரேயாவின் கையில் பட்டது. பெனால்டி இல்லை, காணொளி நடுவரும் குறுக்கிடவில்லை. ஸ்பெயின் 2-1 என வென்று, பின்னர் கோப்பையையும் கைப்பற்றியது. அது பெனால்டியாகவே இருந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பின் நடுவர் பிரிவே சில மாதங்கள் கழித்துத் தன் அறிக்கை ஒன்றில் ஏற்றுக்கொண்டது.

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் தொழில்நுட்பம் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பந்து கையில் பட்டதா என்ற கேள்விக்கு இரண்டிலும் ஐயமற்ற விடை இருந்தது. உணரியின் கோடு துள்ளியபோது பார்வையாளர்கள் பலர் அதையே குற்றத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அது சொன்னது "பட்டது" என்பதை மட்டுமே. "படக்கூடாத விதத்தில் பட்டது" என்பதை எந்த உணரியாலும் சொல்ல முடியாது.

மெதுவாக ஓட்டினால் தெரிவது

மறுஒளிபரப்பின் வேகமும் ஒரு பொறி. மெதுவாக ஓட்டும்போது தற்செயலான அசைவுகூடத் திட்டமிட்டதுபோல் தோன்றும். கையை இழுத்துக்கொள்ள அவருக்கு எவ்வளவோ நேரம் இருந்ததுபோல் தெரியும். ஆட்டத்தின் வேகத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு நொடியின் சிறு பகுதிதான். அதனால், எங்கே பட்டது, எந்த இடத்தில் நடந்தது என்பவற்றைப் பார்க்க மட்டுமே மெதுவான ஓட்டம். மோதலின் வலிமையையும் ஹேண்ட்பால் குற்றமா என்பதையும் முடிவு செய்ய இயல்பான வேகம் என்று நெறிமுறையே வகுத்திருக்கிறது. வீட்டில் அமர்ந்திருக்கும் நமக்கோ தொலைக்காட்சி மெதுவான காட்சியைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நடுவரும் நாமும் வேறு வேறு காட்சிகளைப் பார்த்துவிட்டு வாதிடுகிறோம்.

கேமரா சரி, விதி சரியா?

மதிப்பீடே தேவைப்படாத இடங்களிலும் சர்ச்சை வந்திருக்கிறது. உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு பாதத்தின் பகுதியாவது கோட்டின் மேல் இருக்க வேண்டும் என்பது 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்த விதி. அதே மாதம் பிரான்ஸில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் காணொளி நடுவர்கள் அதை அங்குல அளவில் சோதித்தார்கள். அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஸ்காட்லாந்தின் கோல்கீப்பர் லீ அலெக்சாண்டர் ஒரு பெனால்டியைத் தடுத்தார். கோட்டை விட்டுச் சற்று முன்னே வந்திருந்தார் என்பதால் மறுபடி உதைக்கச் சொன்னார்கள், இம்முறை கோலானது. 3-0 என முன்னணியில் இருந்த ஸ்காட்லாந்து 3-3 எனச் சமன் செய்து தொடரிலிருந்து வெளியேறியது. நைஜீரியாவுக்கு எதிராகக் கம்பத்தில் அடித்துத் தவறவிட்ட பிரான்ஸின் வெண்டி ரெனாருக்கும் இதே விதியால் மறுவாய்ப்புக் கிடைத்தது. கோல்கீப்பர் தொடாமலேயே தவறிய உதைக்கு எதற்கு இரண்டாம் வாய்ப்பு என்ற கேள்வி எழுந்து, அடுத்த ஆண்டே விதி திருத்தப்பட்டது: கோல்கீப்பரின் நகர்வு உதைப்பவரைத் தெளிவாகப் பாதித்திருந்தால் தவிர, அத்தகைய உதை மீண்டும் எடுக்கப்படாது.

2025 மார்ச் 12 அன்று மாட்ரிட் நகரின் இரு அணிகள் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக்கில், வெற்றியாளரைத் தீர்மானிக்க மாறி மாறி உதைக்கும் பெனால்டி சுற்று வரை போனபோது நடந்தது இதைவிட நுண்ணியது. அட்லெடிகோவின் ஹூலியான் அல்வாரெஸ் உதைக்கும்போது வழுக்கினார். வலக்கால் பந்தை அடிப்பதற்கு ஒரு கணம் முன் இடக்காலும் அதை உரசிவிட்டது. பந்து வலைக்குள் போனது; அரங்கில் இருந்தவர்களின் கண்ணுக்கு அந்த உரசல் தெரியவே இல்லை. கேமரா கண்டுபிடித்தது. உதைத்தவர் இரண்டு முறை தொடக் கூடாது என்பது விதி என்பதால் கோல் நீக்கப்பட்டது. ரியல் மாட்ரிட் 4-2 என அந்தச் சுற்றை வென்றது. வேண்டுமென்றே இருமுறை தொடுபவரைத் தடுக்க எழுதப்பட்ட விதி, வழுக்கி விழுந்த ஒருவரைத் தண்டித்தது. அவ்வாண்டு ஜூனில் விதி வாரியம் விளக்கம் வெளியிட்டது: தற்செயலாக இருமுறை தொட்டு அது கோலானால், கோல் செல்லாது, ஆனால் உதை மீண்டும் எடுக்கப்பட வேண்டும். மூன்று மாதம் முன்னதாக அந்த விளக்கம் வந்திருந்தால், அன்றிரவு அல்வாரெஸ் பந்தை மீண்டும் அந்தப் புள்ளியில் வைத்திருப்பார்.